அசைவுக்குத் தைத்த ஆடை

நுழையும்முன்

மேடையில் ஆடுபவரைக் காண்கிறோம், பாடுபவரைக் கேட்கிறோம், ஆடல் முடிந்ததும் இருவரையும் கைதட்டிப் பாராட்டுகிறோம். ஆடியவர் உடுத்திருந்த ஆடையை எண்ணி, அளந்து, வெட்டித் தைத்தவர் யார் என்று கேட்பவர் மிகச் சிலரே. நன்கு தைத்த ஆடை ஆடுபவரின் உடலோடு ஒன்றிவிடுகிறது. அதனாலேயே அதனைச் செய்தவரும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். கூத்து மேடை முதல் நீச்சற்குளம் வரை, அசையும் உடலுக்கு ஆடை அமைத்தவர்களின் உழைப்பையும் அறிவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

திருத்தணியைச் சூழ்ந்த கலைவெளி

சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள மலைக்கோயில் நகரம் திருத்தணி. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஆந்திரத்துடன் இருந்த இவ்வூர், ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆண்டின் நாள்களை நினைவூட்டும் 365 படிகளில், ஆடிக் கிருத்திகையின்போது அடியவர்கள் மலர்க்காவடி சுமந்து ஏறுகின்றனர்.

காவடியைக் கட்டுபவரின் திறனைச் சற்று எண்ணிப் பார்ப்போம். சுமப்பவர் படியேறுவார், மேளத்திற்கு ஏற்பச் சுழல்வார், முன்னும் பின்னும் சாய்வார். அத்தனைக்கும் ஈடுகொடுத்துப் பூச்சரம் அவிழாமலும் பளு ஒரு தோளில் மட்டும் இறங்காமலும் இருக்க வேண்டும். கட்டும்போதே சுமப்பவரின் அசைவைக் கட்டுபவர் மனத்தில் கண்டுவிடுகிறார். மேடை ஆடையை உருவாக்குபவரின் முதற்பாடமும் இதுவே.

இந்நகரைச் சுற்றிலும் ஆடைக்கு வேண்டிய கலைகள் யாவும் செழித்துள்ளன. தெற்கே பட்டு நெசவால் புகழ்பெற்ற காஞ்சிபுரம். வடக்கே, தூரிகைபோல் எழுதுகோல் கொண்டு துணியில் இதிகாசக் காட்சிகளைத் தீட்டும் கலம்காரிக்குப் பெயர்பெற்ற திருக்காளத்தி. அருகிலேயே தறியொலி கேட்கும் பொதட்டூர்ப்பேட்டையும் அம்மையார்குப்பமும். வட தமிழகத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழாக்களின்போது பாரதக் கூத்து விடிய விடிய நடைபெறுகிறது. நூலும் சாயமும் ஆட்டமும் அடுத்தடுத்து வாழும் நிலப்பகுதி இது.

கோலம் புனைதல்

ஆடலுக்குத் தனி உடை வேண்டும் என்னும் உணர்வு தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடைய அரங்கினையும் அதற்குரிய மூவகைத் திரைகளையும் விளக்குகிறது. கடலாடு காதையில் மாதவி பதினொரு வகை ஆடல்களை ஆடுகிறாள். அல்லியம், குடை, குடம் முதலான ஆறும் நின்றாடுவன. துடி, பேடு, மரக்கால் முதலான ஐந்தும் வீழ்ந்தாடுவன. தெய்வமாகவும் வீரனாகவும் பேடியாகவும் பாவையாகவும் ஒருத்தியே மாறி மாறித் தோன்றவேண்டுமாயின், ஒவ்வோர் ஆடலுக்கும் உரிய கோலம் தேவை அன்றோ?

அன்றாட உடைக்கும் மேடை உடைக்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு. அன்றாட உடை அருகில் இருப்பவர் காண்பதற்கானது. மேடை உடை கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். அன்றாட உடை உடுத்தியவரைக் காட்டுகிறது. மேடை உடையோ அவர் ஏற்ற பாத்திரத்தைக் காட்டுகிறது. அன்றாட உடை நடப்பதற்கும் அமர்வதற்கும் போதும். மேடை உடை பாய்தலுக்கும் சுழலுதலுக்கும் மண்டியிடுதலுக்கும் இடந்தர வேண்டும்.

இம்மூன்றையும் தெருக்கூத்துக் கலைஞர்கள் தம் பட்டறிவால் நிறைவு செய்தனர். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தைச் செதுக்கிக் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றைச் செய்தனர். அவற்றின்மேல் வண்ணத் தாள்களையும் கண்ணாடிச் சில்லுகளையும் பதித்தனர். தீவட்டியின் ஒளியோ பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளியோ அச்சில்லுகளில் பட்டுச் சிதறும்போது, இருளில் தொலைவில் அமர்ந்திருப்பவரும் அரசன் வருகையை உணர்வர். கிரீடத்தின் வடிவையும் முகத்தில் தீட்டிய நிறத்தையும் கொண்டே வந்திருப்பவர் இன்னார் என்று கண்டுகொள்வர். இடையில் அடுக்கடுக்காகக் கட்டும் பாவாடை, கலைஞர் கிறுகிறுவென்று சுழலும்போது குடைபோல் விரிந்து அவருடைய உருவைப் பெரிதாக்குகிறது. மரக்கட்டை அணிகளால் இக்கலைக்குக் கட்டைக்கூத்து என்னும் பெயரும் வழங்குகிறது. இரவு முழுவதும் ஆட வேண்டிய கலைஞருக்குக் கனமான மரம் ஒத்துவராது என்பதைக் கண்டறிந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்கள் கண்டறிந்ததோ இன்றும் ஆடுபவரின் தோளில் இருக்கிறது.

அடையாற்றில் நிகழ்ந்த மாற்றம்

கூத்தின் ஆடை ஊர்தோறும் தலைமுறை தலைமுறையாகப் படிப்படியே உருவானது. சதிராட்டத்தின் ஆடையோ இருபதாம் நூற்றாண்டில் சில ஆண்டுகளுக்குள் பெரும் மாற்றம் கண்டது. அம்மாற்றத்தின் நடுவில் நின்றவர் ருக்மிணி தேவி அருண்டேல்.

1904ஆம் ஆண்டு மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி, உருசிய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் பாலே நடனத்தைக் கற்கத் தொடங்கினார். தம் நாட்டின் ஆடற்கலையை நாடுமாறு பாவ்லோவா அவருக்கு அறிவுறுத்தினார். பின்னர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிராட்டம் பயின்றார். 1935ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் அவரது முதல் நிகழ்ச்சி நடந்தது. மறு ஆண்டில் அவர் தோற்றுவித்த கலைநிறுவனமே கலாக்ஷேத்திரா என வளர்ந்தது.

அக்காலச் சதிர்க் கலைஞர்கள் காற்சட்டை போன்ற உள்ளுடையின்மேல் கனத்த சரிகைப் புடவையைப் பல மடிப்புகளாகச் சுற்றி, முன்புறம் கொசுவத்தைத் தொங்கவிட்டு, இடையில் ஒட்டியாணத்தால் இறுக்கியிருந்தனர். ருக்மிணி தேவி கோயிற் சிற்பங்களின் உடற்கோடுகளை உற்றுநோக்கினார். அரைமண்டியில் அமர்ந்த சிற்பத்தின் கால்கள் உருவாக்கும் வடிவம், கண்ணுக்குத் தடையின்றித் தெரிகிறது. அவ்வடிவை மேடையிலும் காட்டும் ஆடை வேண்டும் என விரும்பினார். அவ்விருப்பத்திற்குக் கத்தரியாலும் ஊசியாலும் உருக்கொடுக்கத் துணைநின்றவர், அடையாற்றில் வாழ்ந்த கசான் அம்மையார் என்னும் இத்தாலியத் தையற்கலைஞர். புடவையை அப்படியே சுற்றுவதற்கு மாறாக, அதனைப் பகுதிகளாக வெட்டித் தைக்கும் முறை பிறந்தது. கால்களுக்கிடையே விரிந்து மடங்கும் விசிறி மடிப்பு இன்று பரதநாட்டியத்தின் அடையாளமாகிவிட்டது. ஆயிரமாயிரம் மாணவியர் அரங்கேற்றத்தில் அணியும் ஆடையின் பிறப்பில் பங்குகொண்ட அத்தையற்கலைஞரின் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

இம்மாற்றத்தை எல்லாரும் ஒருபடித்தாக வரவேற்கவில்லை. வீணை தனம்மாளின் பெயர்த்தியும் இசைவேளாளர் மரபில் வந்த பெருங்கலைஞருமான த. பாலசரஸ்வதி, மரபுவழிப் புடவைக் கோலத்தையே போற்றினார். தலைமுறைகளாக ஆடலைக் காத்த மகளிரிடமிருந்து கலை பிறர் கைக்கு மாறியபோது, அவர்களது உடையும் கண்ணியக் குறைவானதென ஒதுக்கப்பட்டது என்னும் வருத்தமும் இதில் அடங்கியுள்ளது. ஓர் ஆடையை மாற்றுவது துணியை மாற்றுவது மட்டுமாக நின்றுவிடுவதில்லை. கலை யாருடையது என்னும் வினாவும் உடன் எழுகிறது. உடைக்கலையைப் பயில்வோர் அழகையும் வசதியையும் எண்ணுவதோடு, தாம் ஒதுக்கிவைக்கும் உடையை உடுத்தியிருந்தவர்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ருக்மிணி தேவியின் அக்கறை தையலோடு நிற்கவில்லை. 1937இல் கலாக்ஷேத்திராவில் நெசவு மையம் தொடங்கப்பட்டது. அகன்ற கரையும் பழைய கோயில்களின் அணிவேலைப்பாடுகளும் கொண்ட புடவைகள் அங்கே நெய்யப்பட்டன. 1944இல் அரங்கேறிய ‘குற்றாலக் குறவஞ்சி’ முதல் இராமாயண வரிசை வரை பல நாட்டிய நாடகங்களை அவர் உருவாக்கினார். அரசனுக்கும் குறத்திக்கும் முனிவனுக்கும் வெவ்வேறு துணி, நிறம், கட்டு ஆகியவற்றைத் தேர்ந்து, தறியையும் மேடையையும் ஒரே வளாகத்தில் இணைத்தார்.

தையற்கூடத்தின் கணக்கு

நாட்டிய ஆடையைத் தைப்பவர், நிற்கும் உடலை மட்டும் அளந்தால் தவறிவிடுவார். ஆடுபவரை அரைமண்டியில் அமரச் செய்தும் அளவெடுக்க வேண்டும். முழங்கால்கள் பக்கவாட்டில் விரியும்போது கால்களுக்கிடையே உள்ள தொலைவு மிகுகிறது. விசிறி மடிப்பு அத்தொலைவுக்குப் போதாவிட்டால் முழங்காலை இழுக்கும்; மிகுந்துவிட்டால் காலில் சிக்கித் தடுக்கும். காற்சட்டையின் கவட்டுப் பகுதியில் தளர்வு குறைந்தால் முழுமண்டியில் தையல் பிரிந்துவிடும்.

இரவிக்கைக்கும் இத்தகைய கணக்கு உண்டு. கையைத் தலைக்குமேல் உயர்த்தும்போது இரவிக்கை முழுவதும் மேலேறாதிருக்க, அக்குளில் சிறு துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைப்பர். வியர்வை பட்டுத்துணியைக் கெடுக்காதவாறு உட்புறம் பருத்தித் துணி வைப்பர். புடவையின் சரிகைக் கரை விசிறியின் ஓரமாக வருமாறு திட்டமிட்டு வெட்டுவர். ஒரு பட்டுப்புடவையை வெட்டியபின் அதனைப் பழையபடி சேர்க்க இயலாது. ஆகவே, கத்தரியை எடுக்கும் முன்பே ஆடை முழுவதும் தையற்கலைஞரின் மனத்தில் தைத்து முடிந்திருக்க வேண்டும். பயன்படுத்த எளிதாக இருக்கும்பொருட்டுக் கொக்கிகளும் நாடாக்களும் வைப்பதால், மேடைக்குப் பின்னே சில நிமிடங்களில் உடை மாற்றுதல் இயல்கிறது.

நீரும் மேடையும்

அசைவுக்கேற்ப ஆடை அமைக்கும் இக்கணக்கு மேடைக்கு மட்டும் உரியதன்று. நீந்துபவரின் ஆடையும் இதே கணக்கில்தான் உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டு மகளிர் கடலில் குளிக்கும்போது கம்பளிச் சட்டையும் பாவாடையும் காலுறையும் அணிந்தனர். நீரை உறிஞ்சிக் கனக்கும் அவ்வாடையுடன் நீந்துதல் அரிது, மூழ்குதல் எளிது.

அந்நிலையை மாற்றியவர்களுள் ஒருவர் அன்னெட் கெல்லர்மன். 1886இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிறந்த இவர், குழந்தைப் பருவத்தில் கால்கள் வலுவிழந்து இரும்புச் சட்டங்கள் அணிந்திருந்தார். கால்களுக்கு வலுவூட்டவே நீச்சல் பயின்றார். பின்னர் மேடைகளில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தியும் உயரத்திலிருந்து பாய்ந்தும் காட்சிகள் நிகழ்த்தினார். இங்கிலாந்தில் அரச குடும்பத்தினர்முன் நீந்த நேர்ந்தபோது, வெற்றுக்கால் கூடாது என்பதால் ஆடவர் நீச்சலுடையோடு காலுறைகளை இணைத்துத் தைத்துக்கொண்டார். உடலை ஒட்டிய அந்த ஒற்றை ஆடையே பின்னாளில் அவர் பெயரால் விற்பனையான நீச்சலுடைகளுக்கு அடிப்படை ஆயிற்று. அவ்வாடையை அணிந்ததற்காக அமெரிக்கக் கடற்கரை ஒன்றில் தாம் கைது செய்யப்பட்டதாகவும் அவர் கூறியதுண்டு. மேடைக்காகத் தைத்த ஆடை, பெண்கள் நீந்தும் உரிமையோடு பிணைந்துவிட்டது.

1958இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் சிவர்ஸ் என்னும் வேதியியலாளர் ஸ்பான்டெக்ஸ் இழையை உருவாக்கினார். தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் நீண்டு, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பும் இழை இது. இவ்விழை கலந்த துணியால் நீச்சலுடை தைப்பவர், உடலின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவான அளவில் வெட்டுவார். அணியும்போது துணி நீண்டு உடலை அணைத்துக்கொள்கிறது. சாதாரண நேர்த்தையல் இத்துணியில் அறுந்துவிடும். துணி நீளும்போது தானும் நீளக்கூடிய கோணல்மாணல் தையலோ ஓரத்தையலோ வேண்டும். குளத்து நீரிலுள்ள குளோரின் இவ்விழையைச் சிதைப்பதால், பயிற்சிக்குரிய ஆடைகளில் பாலியெஸ்டர் வகைகளைச் சேர்ப்பர்.

ஆடையின் துணைக்கும் ஓர் எல்லை உண்டு. நீரின் தடையைக் குறைக்கும் பாலியுரித்தேன் கலந்த நீச்சலுடைகள் 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பரவின. மறு ஆண்டு உரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் 43 உலகச் சாதனைகள் நிகழ்ந்தன. வென்றது உடலா, உடையா என்னும் ஐயம் எழவே, 2010 முதல் அத்தகைய உடைகள் போட்டிகளில் தடைசெய்யப்பட்டன. ஆடை உடலுக்குத் துணைநிற்கலாம். உடலின் இடத்தை எடுத்துக்கொள்ளலாகாது.

தெரிந்து தெளிவோம்

ஜூல் லியோத்தார் (1838–1870) என்பவர் பிரான்சு நாட்டு வித்தைக் கலைஞர். 1859இல் பாரிசு நகரில் ஊஞ்சலிலிருந்து ஊஞ்சலுக்குத் தாவும் வித்தையை அரங்கேற்றினார். கைகால்கள் தடையின்றி இயங்க அவர் அணிந்த உடலொட்டிய ஆடைக்கு அவர் பெயரே நிலைத்து, ‘லியோடார்ட்’ என வழங்குகிறது. இன்று சீருடற்பயிற்சியிலும் பாலே நடனத்திலும் அணியும் ஆடை இதுவே.

பெயர் பெற்ற கை

ஆடையைச் செய்தவரின் பெயர் மறையாமல் உலகறிய ஒலித்த நிகழ்வும் நம் நாட்டில் உண்டு. 1929இல் கோலாப்பூரில் பிறந்த பானு அத்தையா, மும்பை ஜே.ஜே. கலைக்கல்லூரியில் ஓவியம் பயின்றார். மகளிர் இதழ்களுக்கு உடை ஓவியங்கள் வரைந்தவர், 1956இல் வெளிவந்த ‘சி.ஐ.டி.’ திரைப்படத்தின் வழியே திரையுலகில் ஆடை வடிவமைப்பாளராக அறிமுகமானார். தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்களுக்கு ஆடை அமைத்தார். ஆர்.கே. நாராயணின் புதினத்தைத் தழுவிய ‘கைடு’ (1965) அவற்றுள் ஒன்று. அதில் நடனக்கலைஞராக நடித்தவர், செங்கல்பட்டில் பிறந்து பரதம் பயின்ற வகீதா ரஹ்மான். இல்லத்தரசி, மேடைக் கலைஞர் என ஒருத்தியின் வாழ்வு மாறுவதை அப்படத்தின் உடைகளும் சொல்லிச் செல்கின்றன.

ரிச்சர்டு அட்டன்பரோ இயக்கிய ‘காந்தி’ திரைப்படம் அவரது வாழ்வின் பெரும்பணி. வழக்கறிஞரின் கோட்டு சூட்டில் தொடங்கி அரையாடையில் முடியும் ஒரு வாழ்வை உடைகளால் காட்ட வேண்டும். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் அரையாடை பூண்டதை நாம் அறிவோம். உடையைக் குறைத்த அச்செயலே அவர் ஏழை மக்களோடு கொண்ட உறவை உரைத்தது. அம்மாற்றத்தின் ஒவ்வொரு படியையும், பெருந்திரளான மக்களின் உடைகளையும் காலத்திற்கேற்ப அமைத்ததற்காக, ஜான் மொல்லோவுடன் இணைந்து பானு அத்தையா 1983இல் ஆஸ்கர் விருது பெற்றார். ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியர் அவரே. அவ்விருதைப் பாதுகாப்பாக வைக்கும்பொருட்டு 2012இல் விருதுக் கழகத்திடமே ஒப்படைத்தார். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தார்.

பானு அத்தையாவின் வாழ்விலிருந்து ஓர் உண்மையை உணரலாம். கதையைப் படித்தல், காலத்தை ஆராய்தல், ஓவியமாக வரைதல், துணி தேர்தல், நடிப்பவரின் உடலறிந்து தைத்தல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே இத்தொழில். ஊசியும் நூலும் அதன் இறுதிப் படி.

இத்தொழிலை நாடுவோர்க்கு

இன்று ஆடை வடிவமைப்பைக் கற்க வாய்ப்புகள் பல. 1995இல் தொடங்கிய சென்னைத் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம், சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவை அவற்றுள் சில. எனினும், வகுப்பறையில் கற்பதோடு தறியிடமும் தையற்கூடத்திலும் கூத்துப் பட்டறையிலும் கற்க வேண்டியவை மிகுதி. பட்டு எப்படி மடியும், பருத்தி எப்படி வியர்வை உறிஞ்சும், சரிகை விளக்கொளியில் எப்படி மின்னும் என்பவற்றைக் கை தொட்டே அறியவேண்டும்.

கற்பதற்கு இணையான மற்றொரு கடமையும் உண்டு. நிகழ்ச்சி அழைப்பிதழ்களில் ஆடுபவர், ஆசிரியர், பாடகர், மிருதங்கக் கலைஞர் ஆகியோரின் பெயர்களை அச்சிடுகிறோம். ஆடை தைத்தவரின் பெயருக்கு ஒரு வரி ஒதுக்குவது செலவில்லாச் செயல். பள்ளி ஆண்டுவிழா நாடகத்திலிருந்தே அவ்வழக்கத்தைத் தொடங்கலாம். கட்டையைச் செதுக்கியவர், விசிறியை மடித்தவர், துணியை நெய்தவர் என ஒவ்வொருவரும் ஆட்டத்தில் பங்குடையவரே. மேடையில் ஒரு கலைஞர் தடையின்றிச் சுழல்வதைக் காணும்போது, அச்சுழற்சியை முன்கூட்டியே கணக்கிட்டுத் தைத்த கையையும் நினைந்து பாராட்டுவது நம் கடமையாகும்.